மறு: வேலிடிட்டிக்கு என்ன சொல்? 'அளவுத்தகவு' என்று வைக்கலாம்

வணக்கம் எல்லோருக்கும்.

வேலிடிட்டி (validity) என்ற ஆய்வுச் சொல்லுக்குத் தமிழில் எதை வைக்கலாம் என்று தொடங்கிய இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. ஆளாளுக்கு ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறார்களே தவிர, அந்தச் சொல் என்ன வேலை செய்யவேண்டும் என்று யாரும் நின்று பார்க்கவில்லை. நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஆசிரிய மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் படிப்பிக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் ஆய்வேடுகளில் தகுதி, செல்லுபடி, ஏற்புடைமை, வலிது என்று நான்கும் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன, நான்கும் ஒன்றா வேறுவேறா என்று எழுதிய பிள்ளைக்கே தெரியாது. ஆகவே எனக்கு இது சும்மா சொல்லாய்வு இல்லை, ஒவ்வொரு தொகுதி மாணவர்களோடும் முட்டிக்கொள்ளும் விஷயம்.

என் முன்மொழிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளவுத்தகவு. இடம் தெளிவாக இருக்கும்போது வெறும் தகவு.

பொருளில் இருந்து தொடங்குவோம். 1927இல் அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி, ஒரு சோதனை எதை அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறதோ அதைத்தான் உண்மையில் அளக்கிறதா என்பதே கேள்வி என்று எழுதினார். பாடப்புத்தகங்களில் இன்றும் அந்த வரிதான் ஓடுகிறது. ஆனால் துறை அதோடு நிற்கவில்லை. நுண்ணறிவு, பதற்றம், மனச்சோர்வு மாதிரிக் கண்ணுக்குத் தெரியாதவற்றை அளக்கும்போது பக்கத்தில் வைத்து உரசிப் பார்க்க ஓர் உரைகல் கிடையாது, அதனால் அந்தக் கருத்தைச் சுற்றியுள்ள கோட்பாட்டையும் சேர்த்தே சோதிக்கவேண்டும் என்று 1955இல் உளவியலாளர்கள் லீ குரோன்பாக்கும் பால் மீலும் சொன்னார்கள். 1989இல் இன்னோர் உளவியலாளர் சாமுவேல் மெசிக் இன்னும் ஒரு படி போனார். வேலிடிட்டி வினாத்தாளின் குணம் அல்ல, அதில் கிடைக்கும் புள்ளியை வைத்து நாம் எடுக்கும் முடிவுக்கும் செய்யும் காரியத்துக்கும் உரியது என்றார். அமெரிக்காவின் கல்வி ஆய்வு, உளவியல், அளவீட்டுச் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து வெளியிடும் சோதனை நியமங்களும், 1999 பதிப்பிலும் 2014 பதிப்பிலும், இதே நிலைப்பாட்டைத்தான் எடுத்திருக்கின்றன. அதாவது "இந்தச் சோதனை வேலிட்" என்று முற்றுப்புள்ளி வைக்க முடியாது. எதற்கு, யாருக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் வாக்கியமே முடியும்.

நாம் தேடும் சொல் இந்தப் பாரத்தைத் தூக்கவேண்டும்.

வகுப்பில் இதை விளக்க நான் எடுப்பது தேயிலைக் கொழுந்து நிறுவைதான், மலையகத்துப் பிள்ளைக்கு வேறு உதாரணம் தேவையே இல்லை. மழை பெய்த பின்னேரம், கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், கொக்கியில் சாக்கு ஏறுகிறது, முள் ஆடி நிற்கிறது, கணக்கப்பிள்ளை எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து எழுதுகிறார். அந்தக் கழிவு ஒரு தனிப் பெரிய அநியாயம், மலையகத்தில் அதைப் பேசாத லயம் (தோட்டக் குடியிருப்பு) இல்லை, ஆனால் இப்போதைக்கு அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம். கழிவு இல்லை. முள் பூச்சியத்தில் நிற்கிறது. ஒரே சாக்கைத் திரும்பத் திரும்ப மாட்டினாலும் ஒரே எண்தான். நியம எடைக்கல்லை மாட்டினாலும் சரியாகக் காட்டுகிறது. பௌதிகம் படித்தவர் பார்த்தால் ஒரு குறையும் சொல்லமாட்டார்.

அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறார்கள்? இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் கூலியா அரைநாள் கூலியா என்று தீர்மானிக்கிறார்கள். கொழுந்தின் எடை, போகிற போக்கில், அந்தப் பெண்ணின் ஒரு நாள் உழைப்புக்கு அளவாகிவிடுகிறது. செடிகளை வெட்டிக் கவ்வாத்து முடிந்து இன்னும் சரியாகத் தளிர்க்காத மலை, காடு ஏறிக் கிடக்கிற மலை, கால் வைக்க இடமில்லாத சரிவு, வெயில் காய்ந்த மாதம், இவை எதுவும் முள்ளுக்குத் தெரியாது. அதே கை, அதே நேரம், அதே வேகம், மலை மாறினால் எண் பாதியாகிறது. தராசில் பிழை இல்லை, எடை உண்மை. அந்த எடை உழைப்பைச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை.

இந்த இடத்தில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பாருங்கள். "இந்த நிறுவை செல்லுபடியாகாது" என்றால் ஏதோ முத்திரை குத்தாத தராசு என்றுதான் கேட்பவருக்குப் படும். தமிழ்நாட்டுக் கல்வியியல் நூல்களில் வரும் ஏற்புடைமையைப் போட்டால், யார் ஏற்பது என்ற கேள்வி எழுகிறது, தோட்டத்தை நடத்தும் துரை ஏற்கிறார், தொழிலாளி ஏற்கவில்லை, அதனால் அளவீட்டைப் பற்றி நமக்கு என்ன தெரிந்தது? தகுதி என்றால், அதே அறிக்கையின் அடுத்த பக்கத்தில் ஆசிரியர் தகுதி, விண்ணப்பதாரர் தகுதி என்று வந்து குழப்பும். இப்போது இதைப் பாருங்கள்: "இந்த நிறுவை கொழுந்தின் எடைக்குத் தகவுள்ளது, உழைப்பை அளப்பதற்குத் தகவற்றது." சொல்லவேண்டியதை அப்படியே சொல்லிவிடுகிறது.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தகு என்ற வினை நான்காம் வேற்றுமையை, அதாவது "கு" உருபை, இழுக்கிறது. வயதுக்குத் தக்க பேச்சு, வேலைக்குத் தக்க கூலி என்றுதான் சொல்வோம். "தக்கது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எதிரில் நிற்பவர் "எதுக்கு?" என்று கேட்பார். மெசிக் பக்கம் பக்கமாக எழுதி வலியுறுத்திய கேள்வியை நம்முடைய வினை தானாகவே கேட்கவைக்கிறது. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது செல்லுபடியை ஏன் பிடித்துத் தொங்கவேண்டும்?

இனி, வந்த மறுப்புகள்.

> இயற்பியலில் துல்லியம் என்று சொல்வதைத்தானே உளவியல்காரர்கள் வேறு பெயரில் சொல்கிறார்கள்? ஒரே சொல் போதாதா?

கோவையில் இருந்து எழுதிய ஐயாவுக்கு: போதாது ஐயா. மேலே சொன்ன தராசு துல்லியமானதுதான், இருந்தும் பிழைக்கிறது. துல்லியம் என்பது அளந்த எண்ணுக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள நெருக்கம், எந்தப் பொருளின் உண்மை மதிப்பு என்பதில் சந்தேகம் இல்லாதபோதுதான் அந்தப் பேச்சே வரும். நம் கேள்வி அதற்கு முந்தியது. அளவியல்காரர்களும் இதை அறியாதவர்கள் இல்லை. 2008இல் வந்த பன்னாட்டு அளவியல் சொற்றொகுதியின் மூன்றாம் பதிப்பில் சரிபார்த்தல் ஒரு சொல், வேலிடேஷன் இன்னொரு சொல். குறித்த தேவைகள் உத்தேசித்த பயனுக்குப் போதுமானவையா என்பதையும் சேர்த்துச் சரிபார்ப்பதுதான் வேலிடேஷன் என்று அது பிரிக்கிறது. உத்தேசித்த பயனுக்கு! அங்கேயும் அந்தக் "கு" வந்து நிற்கிறது பாருங்கள்.

தேயிலையிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. சுவைப்பவர்களுக்குத் தேநீர் தயாரிக்க ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு பன்னாட்டு நியமம் உண்டு, 1980இல் வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், 6 நிமிடம் ஊறவேண்டும். 6 நிமிடம் ஊறிய சாயத்தை எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். ஆனால் அந்த நியமத்தின் நோக்கம் நல்ல தேநீர் ஊற்றுவது அல்ல, எந்த ஊரில் யார் ஊற்றினாலும் ஒரே மாதிரி வந்து, இரண்டு தேயிலையை ஒப்பிட முடியவேண்டும் என்பதுதான். ஒப்பிடுவதற்கு அது முழுக்கத் தகவுள்ள முறை. பால் ஊற்றிச் சீனி போட்டுக் குடிக்கிறவருக்கு எந்தத் தேயிலை பிடிக்கும் என்று அறியவேண்டுமானால் அதே முறை தகவற்றது. முறை ஒன்றுதான், துல்லியமும் ஒன்றுதான், தகவு மட்டும் மாறுகிறது.

> அக்கா, வினாக்கொத்தைத் தமிழாக்கி ஆல்பா பார்த்தேன், 0.8க்கு மேல் வந்தது. வேலிடிட்டி இருக்கிறது என்று எழுதலாமா?

எழுதவேண்டாம் தங்கச்சி. குரோன்பாக் 1951இல் கொடுத்த ஆல்பா, வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றுதான் சொல்லும். எல்லாம் சேர்ந்து தவறான ஒன்றை அளந்தாலும் ஆல்பா உயரமாகத்தான் வரும். நீங்கள் எடுத்த மனச்சோர்வு வினாக்கொத்தில், கடந்த இரண்டு கிழமையில் களைப்பாக, சக்தி இல்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று வரும் இல்லையா? விடியக் கிளம்பி நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தண்ணி தூக்கிச் சமைக்கிற ஒரு பெண் இதற்கெல்லாம் என்ன சொல்வார்? "ஆமா, ஆமா" என்பார். களைப்பு, தூக்கம், சாப்பாடு மூன்றும் அழகாக ஒத்துப்போகும், ஆல்பா ஏறும், ஆனால் அளந்தது உடம்புக் களைப்பாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வு இல்லை என்று நான் சொல்லவில்லை, இருந்தால் அதை இந்தப் புள்ளி பிரித்துக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. சிலரிடமாவது உட்கார்ந்து, இந்த வினா உங்களுக்கு என்னவாக விளங்கியது என்று கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் தெரியும். வேறு ஊரில், வேறு ஆட்களிடம் நிறுவிய தகவை நம் ஆட்களுக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

இது வினாக்கொத்துக்கு மட்டும் உள்ள நோய் என்று மருத்துவக்காரர்கள் நினைக்கவேண்டாம். விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் சின்னக் கருவி, கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்று கோவிட் காலத்தில், 2020இல், அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு காட்டியது. வினாவும் பதிலும் இல்லாமல், ஒளியை வைத்து அளக்கும் கருவி அது. அதிலேயே "யாருக்கு?" என்று கேட்கவேண்டியிருக்கிறது.

வலிது என்று எழுதலாமே என்ற நண்பருக்கு ஒன்று. இங்கே இலங்கையில், பாடசாலை உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்று ஒரு பாடம் இருக்கிறது, கலைப்பிரிவுப் பிள்ளைகள் நிறையப் பேர் எடுப்பார்கள், அவர்களில் பலர்தான் பின்னால் என்னிடம் ஆசிரிய மாணவர்களாக வருகிறார்கள். அவர்களுக்கு வலிது என்றால் வாதத்தின் வடிவம். எடுகூற்று (வாதம் தொடங்கும் கூற்று) பொய்யாக இருந்தாலும் வாதம் வலிதாக இருக்கலாம் என்று மண்டையில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். அளவீட்டிலோ உலகத்தில் உள்ள உண்மையோடு பொருந்துகிறதா என்பதுதான் முழுக்கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைக் கடன் வாங்கத் தேவையில்லை. தமிழில் பிரித்துவைத்தால் நமக்குத்தான் லாபம்.

நிகழ்தகவு ஏற்கனவே இருக்கிறதே, இடிக்காதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது தகவுக்குப் பலமாகத்தான் படுகிறது. நிகழ்வதற்கு உள்ள தகவு நிகழ்தகவு என்று இலங்கை, தமிழ்நாடு ஆகிய கரை இரண்டிலும் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, அளப்பதற்கு உள்ள தகவு அளவுத்தகவு என்றால் காது தடுமாறாது. ஒரே கட்டுரையில் இரண்டும் வருமானால் வெறும் தகவு என்று எழுதாமல் முழுச்சொல்லையே எழுதினால் போயிற்று. தகவலோடு குழம்பும் என்ற மறுப்பில்தான் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 'தகவாய்வு' என்று எழுதினால் தகவல் ஆய்வு என்று வாசிப்பவர்கள் இருப்பார்கள். அதனால் வினைக்குத் தகவு பார்த்தல் என்றே வைத்துக்கொள்வோம், எடை பார்த்தல், சரி பார்த்தல் மாதிரி வாயில் இயல்பாக வருகிறது. வகைகளுக்கு உள்ளடக்கத் தகவு (content), கருத்துருத் தகவு (construct), தோற்றத் தகவு (face). ஏற்கனவே நம்பும் இன்னோர் அளவோடு உரசிப் பார்க்கும் கிரைற்றீரியன் வேலிடிட்டிக்கு உரைகல் தகவு என்று எழுத எனக்கு ஆசை, நல்ல மாற்று இருந்தால் விட்டுக்கொடுக்கிறேன்.

திரும்ப அளந்தாலும் ஒரே விடை வருவதைச் சொல்லும் ரிலையபிலிட்டிக்கு நம்பகம் வேரூன்றிவிட்டது. எப்போதும் ஒரே அளவு குறைத்துக் காட்டுகிற தராசை நம்பகமானது என்று சொல்ல நாக்கு கூசத்தான் செய்கிறது, ஆனாலும் அதை இப்போது பிடுங்கப் போகவேண்டாம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பழைய சொற்கள் பலவற்றில் நாம் ஏற்கனவே பிரிந்து கிடக்கிறோம். standard deviation இங்கே நியம விலகல், அங்கே தமிழ்நாட்டில் திட்ட விலக்கம். least count இங்கே இழிவெண்ணிக்கை, அங்கே மீச்சிற்றளவு. இரு பக்கத்து நூலையும் வாசிக்கிற மாணவன் தமிழில் இருந்து தமிழுக்கே மொழிபெயர்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. வேலிடிட்டிக்கு இன்னும் எந்தச் சொல்லும் அசைக்க முடியாதபடி ஊன்றவில்லை, இப்போதே பேசி ஒன்றை எடுத்துக்கொண்டால் இரண்டு கரைக்கும் ஒரே சொல்லாக இருக்கும்.

இரசாயனக்காரர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் ஆய்வுகூடங்களில் ஒரு புதிய முறையைப் பயன்பாட்டுக்கு எடுக்கமுன் செய்யும் மெதட் வேலிடேஷனுக்கு 'முறைத்தகவு பார்த்தல்' என்பது பொருந்துமா? தேயிலை மண்ணின் பிஎச் பெறுமானத்தைத் தண்ணீரில் கரைத்து எடுத்தால் ஒன்று, கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் எடுத்தால் அதைவிடக் குறைவு என்று வருகிறது அல்லவா, அங்கே நீங்கள் எந்த முறை எதற்குத் தக்கது என்றுதானே பேசுகிறீர்கள்? உங்கள் பதில் தெரிந்தால் அடுத்த தொகுதிக்கான பாடக்குறிப்பில் இந்தச் சொல்லையே போட்டுவிடுவேன், முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் வேலிடிட்டி என்றும் எழுதிவைப்பேன்.

அன்புடன்,
ஹட்டனில் இருந்து