சுருள் சிமுலேஷன்: பௌண்டரியிலும் மெட்டீரியலிலும் நீங்கள் பார்த்த கூத்துகள்

மின்சுருள்களின் காந்தப்புலத்தைக் கணினியில் கணக்கிடும்போது, எல்லை நிபந்தனையிலும் (பௌண்டரி) பொருளின் பண்பிலும் (மெட்டீரியல்) தவறு செய்தால் வரும் கூத்துகளைப் பகிர்வோம். நானே ஆரம்பிக்கிறேன். ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் (ஆரத்தின் அளவு இடைவெளியில், ஒரே திசையில் மின்னோட்டம் ஓடும் இரண்டு ஒத்த சுருள்கள்) மாதிரி சரிபார்க்க வந்தது. ஆரம் 10 செ.மீ., ஒவ்வொரு சுருளிலும் 100 ஆம்பியர்-சுற்று. வாய்ப்பாட்டின்படி நடுவில் சுமார் 0.9 மில்லிடெஸ்லா வர வேண்டும். வந்தது சுழியம். மின்னோட்டம் சரி, மெஷ் (கணக்குக்காக இடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) சரி.

நேரம் மிச்சமாகட்டும் என்று மேல் பாதியை மட்டும் வரைந்து, நடுத்தளத்தில் வெக்டர் பொட்டன்ஷியல் (காந்தப்புலத்தைக் கணக்கிட மென்பொருள் பயன்படுத்தும் கணித அளவு) சுழியம் என்று கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் காந்தப்பாயம் அந்தத் தளத்தைத் தாண்டாது, ஒட்டியே ஓடும். கீழே இருப்பதாகக் கருதப்படும் சுருளில் மின்னோட்டம் எதிர்த்திசையில் போவதாகத்தான் அதற்குப் பொருள். எதிரெதிர் சுருள்களுக்கு நடுவில் புலம் சுழியம்தானே? மென்பொருள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது, வேறொரு கருவிக்கு! அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் போதும், பாயம் தளத்தைச் செங்குத்தாகக் கடக்கும். எடுத்தோம், 0.9 வந்தது.

அப்புறம், பாதி மாதிரியில் கிடைக்கும் ஆற்றலை இரட்டித்துவிட்டுத்தான் இன்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) கணக்கிட வேண்டும். அதுவும் விட்டுப்போயிருந்தது.

*

நடுத்தளம் இருக்கட்டும், வெளி எல்லைக்கு வருவோம். என்னிடம் வந்த காற்றுச்சுருள் மாதிரியில் எல்லை, சுருளின் ஆரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்திலேயே நின்றது. அங்கே பொட்டன்ஷியல் சுழியம் என்றால் பாயம் வெளியே போக வழியில்லை. சுருளை இறுக்கமான பெட்டிக்குள் அடைத்த மாதிரிதான். இன்டக்டன்ஸ் குறைவாகத்தான் காட்டும், காட்டியது. அதை வைத்து சுற்று எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது!

எல்லையை ஐந்து மடங்கு தூரத்துக்குத் தள்ளுங்கள், பிறகு இன்னும் இரட்டிப்பாக்குங்கள். விடை அசையாவிட்டால் சரி. எஃப்.இ.எம்.எம். (FEMM) என்ற காந்தப்புல மென்பொருளில் திறந்த எல்லைக்கான அடுக்குகளைத் தானே வரைந்து தரும் வசதி இருக்கிறது. அது இருக்கும்போது பெரிய காற்று வட்டம் போட்டு மெஷ்ஷை வீணாக்குவானேன்?

*

எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாற்றுவது இரும்புதான். ஒரு சொலினாய்டு உள்ளகத்தில் 5 டெஸ்லா என்று அறிக்கை வந்தது. சாதாரண எஃகு 2 டெஸ்லா வாக்கிலேயே தெவிட்டிவிடும், அதற்கு மேல் புலம் ஏறுவது கடினம். திறந்து பார்த்தால் ஒப்பு உட்புகுதிறன் (காற்றைவிட எத்தனை மடங்கு எளிதாகக் காந்தப்பாயத்தை விடுகிறது என்ற அளவு) 4000 என்று ஒற்றை எண். சிறு மின்னோட்டத்துக்கு அது போதும். இழுவிசை கேட்கிற வேலைக்கு முழு பி-எச் வளைவு (காந்தமாக்கும் புலத்துக்கு ஏற்பப் பாயம் எப்படி ஏறுகிறது என்ற வரைபடம்) இல்லாமல் ஆகாது. விசை பாயத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் பிழையும் அப்படியே ஊதிப்போகும். ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான் வகைக் காந்தப்பொருள்) என்றால் இன்னும் சீக்கிரம், 0.4 டெஸ்லாவை ஒட்டியே மடங்கிவிடும்.

தாமிரத்திலும் கவனம் வேண்டும். 100 கிலோஹெர்ட்சில் அதன் தோல் ஆழம் (மாறுமின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து உள்ளே புகும் தூரம்) 0.2 மி.மீ. பல இழைச் சுருளை ஒரே திடத் தாமிரக் கட்டியாக வரைந்தால், மின்னோட்டம் முழுக்க ஓரத்தில் குவிந்ததாகப் படம் அழகாக வரும். நிஜச் சுருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. மின்தடையைப் பார்க்கும்போது சூட்டையும் சேருங்கள்: 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் சுமார் 31 சதவீதம் கூடும்.

*

முப்பரிமாணத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. காற்றின் மின்கடத்துதிறன் சுழியம் என்று வைத்தால் சில சால்வர்கள் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்கள்) முடிவுக்கே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும். மீட்டருக்கு 1 சீமன்ஸ் என்று கொடுத்ததும் ஓடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 50 ஹெர்ட்சில் அந்தக் 'காற்றின்' தோல் ஆழம் 70 மீட்டருக்கு மேல், பாதிப்பில்லை. 1 மெகாஹெர்ட்சில் அதுவே அரை மீட்டர்தான். மாதிரி அந்த அளவில் இருந்தால் இந்த உத்தியைத் தொடாதீர்கள்.