பவளம் நன்றாக இருக்கிறது, மீன்கள் மட்டும் சாகின்றன: ஏன்?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் மூன்றடி ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), ஓராண்டுக்கு மேல் ஓடுகிறது. போன வாரம் புதிதாக ஒரு டாங் மீன் விட்டேன். முதலில் அது செத்தது, அப்புறம் கோமாளி மீன் இரண்டும், நேற்றுக் காலை ராயல் கிராமா மீனும். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, உப்படர்த்தி 1.025. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லை, விசிறிதான், பகலில் 29 டிகிரி. இறால், நத்தை, மென்பவளம் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கேட்டவர்கள் எல்லாரும் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள், மாற்றியும் நிற்கவில்லை. ஒரு பிளென்னி மீன்தான் மிச்சம், அதையாவது காப்பாற்ற வேண்டும்.

உப்புத்தண்ணி:
தண்ணீரில் கோளாறு என்றால் இறாலும் பவளமும் இவ்வளவு தெம்பாக இருக்காது. மீனை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்வது ஒட்டுண்ணி. புது மீன் வந்த சில நாளில் வரிசையாகச் சாவதைப் பார்த்தால் எனக்கு வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் என்றுதான் தோன்றுகிறது. அது முதலில் செவுளைத்தான் பிடிக்கும், அதனால் உடம்பில் புள்ளி தெரிவதற்கு முன்பே மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும். மீனிலிருந்து உதிரும் ஒட்டுண்ணிக் கூடு ஒவ்வொன்றும் 256 குஞ்சுகள் வரை விடும், நீங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினாலும் ஈடுகொடுக்க முடியாது. சாவதற்கு முன் மீன்கள் வேகமாக மூச்சு வாங்கினவா? வேவ் மேக்கர் (அலை எழுப்பும் பம்ப்) நீரோட்டத்தில் போய் நின்றனவா?

மீன்பித்தன்:
வெல்வெட்டாக இருக்கலாம், ஆனால் காலையில் செத்துக் கிடப்பதால் ஆக்சிஜனையும் பாருங்கள். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2 தான், அந்தச் சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுதல். விளக்கை அணைத்தபின் பவளமும் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும், விடியற்காலையில்தான் அது மிகவும் குறையும். செவுள் கெட்ட மீன் அதைத் தாங்காது. நீர்மட்டம் கலங்கும்படி பம்பைத் திருப்பி வையுங்கள்.

ஈசூன்வாசி:
ஆமாம் அண்ணே, டாங் வேவ் மேக்கருக்கு எதிரிலேயே நின்றது, நீந்துவதற்குப் பிடிக்கிறது என்று நினைத்தேன். ஒட்டுண்ணியைக் கொல்லும் காப்பர் (செம்பு) மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாமா?

உப்புத்தண்ணி:
வேண்டவே வேண்டாம்! இறாலும் பவளமும் போய்விடும், பாறையும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். பிளென்னியை இன்றைக்கே பிடித்துத் தனித் தொட்டியில் விடுங்கள். பிளாஸ்டிக் பெட்டி போதும், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு, மணலோ பாறையோ கூடாது. மருந்துப் புட்டியில் உள்ள அளவைத் தாண்டாமல், காப்பர் சோதனைக் கிட்டால் அளவைச் சோதித்துக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். புதுப் பெட்டியில் அமோனியா ஏறும், அதற்குத் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். அமோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்த்தால் மீனுக்கு நஞ்சாகிவிடும். பெரிய தொட்டியில் 76 நாள் ஒரு மீனும் இருக்கக் கூடாது, மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி செத்துவிடும், வெள்ளைப்புள்ளி என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் இருந்தால் அதுவும் அதோடு போய்விடும். இனி எந்த மீன் வாங்கினாலும், கடையில் எவ்வளவு துறுதுறுவென்று இருந்தாலும், முதலில் அந்தப் பெட்டியில்தான் விட வேண்டும்.