புதுப்பிப்பு: மதுரை தெற்கு மாசி வீதி வீடு, நாள் வாடகையா மாத வாடகையா?

அப்பா விட்டுச்சென்ற வீட்டை மாதம் 14,000க்குக் குடித்தனம் வைப்பதா, மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதா என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். பலரும் "முயன்று பாருங்கள்" என்றீர்கள். பார்த்துவிட்டேன்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒரு நாள்கூடக் காலி இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு இன்னும் பத்து வீடு இருந்தாலும் நிரம்பியிருக்கும். ஆனால் ஜூலையில் ஒன்பது இரவுதான். 2,000 வீதம் 18,000 வந்தது. சுத்தம் செய்யும் அக்காவுக்கு 4,500, சலவைக்கு 1,800, கரண்டுக்கு 3,200 போக, கையில் நின்றது 8,500. மதியம் நடை சாத்தியதும் எல்லோரும் அறைக்குத் திரும்பிவிடுவார்கள். மறுபடி திறக்கும்வரை ஏசி ஓடும்.

தலையணை உறையில் மல்லிகைப்பூ நசுங்கிய பழுப்புக் கறை துவைத்தாலும் லேசில் போகாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ரயிலில் வந்தவர்கள் வீடு தெரியாமல் பக்கத்து வீட்டு அத்தையின் கதவைத் தட்டிவிட்டார்கள். 78 வயது, தனியாக இருப்பவர். பயந்து நடுங்கிவிட்டார். அன்றைக்கே என் மனசு மாறிவிட்டது.

வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று சொன்ன நண்பருக்கு நன்றி, இரண்டு முறை தேவைப்பட்டது.

சரி, முடிவு: கீழ்வீட்டுக்கு ஆவணியில் ஒரு குடும்பம் வருகிறது. தனி மாடிப்படி உள்ள மேல் அறை மட்டும் நாள் வாடகைக்கு. இரவு பத்துக்கு மேல் வருகிறவர்களுக்குக் கிடையாது.