ஓசூரில் 11 காயம், மானேசரில் 1: எந்த எண்ணை நம்புவது?

திட்டப்பிரிவு, ஓசூர்:

வணக்கம். கார் உதிரிபாகங்களுக்குத் தகடு வெட்டி வளைக்கும் நிறுவனமொன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருக்கிறேன். ஓசூரிலும் அரியானாவின் மானேசரிலும் எங்களுக்கு ஆலைகள் உண்டு. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரங்கள் ஒரே வகை, உருப்படிகளும் ஏறக்குறைய ஒன்றே. சென்ற ஆண்டு விபத்துப் பதிவேட்டில் ஓசூரில் 11 காயங்கள், மானேசரில் ஒன்றே ஒன்று. ஆனால் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் உருப்படி ஓசூரில்தான் அதிகம். "வேகமாக ஓட்டுகிறீர்கள், அதனால் அடிபடுகிறது. மானேசரைப் போல நிதானமாக ஓட்டுங்கள்" என்று தலைமை அலுவலகம் எழுதியிருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் நான் பதில் எழுத வேண்டும். வேகம் கூடினால் காயமும் கூடும் என்பது உண்மைதானா?

பழைய டை செட்டர்:

தம்பி, 31 ஆண்டுகள் பிரஸ்ஸில் டை, அதாவது தகட்டை வெட்டும் அச்சு, பூட்டி இறக்கியவன் நான். 11-ஐ விடுங்கள், அந்த 1-ஐச் சந்தேகப்படுங்கள்.

எங்கள் காலத்தில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால்தான் ஆய்வாளருக்கு அறிக்கை போக வேண்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டுப் போட்ட கையோடு ஆளை மறுநாளே வரவழைத்து, கேன்டீன் நாற்காலியில் உட்காரவைத்து வருகைப் பதிவு போட்டார்கள். அந்த ஆண்டு "விபத்தில்லா ஆண்டு" என்று எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். இன்னும் வீட்டில் இருக்கிறது.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்களிடம் ஒரு 63 டன் பிரஸ் இருந்தது. டையின் ஓரம் மழுங்கி, வெட்டிய உருப்படி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஆள் குச்சியால் நெம்புவான், வராவிட்டால் கையை விடுவான். கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்காதிருக்க இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டிய பொத்தான்களில் ஒன்றை ரப்பர் துண்டு செருகி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார்கள், எண்ணிக்கை குறையக் கூடாதென்று. பிரஸ்ஸைச் சுழல் சக்கரத்தோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் சாவியும் தேய்ந்திருந்தது. அப்படித் தேய்ந்தால் ஒரு முறை அழுத்தியதற்குப் பிரஸ் இரண்டு முறை இறங்கும். ஓர் இரவு ஷிப்டில் அப்படித்தான் இறங்கியது. பையனுக்குச் சுட்டுவிரலில் இரண்டு கணு போயிற்று. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி அதற்கு 11 விழுக்காடு வருமானம் ஈட்டும் திறன் இழப்பு. திரும்பி வந்த பிறகு அவன் எடுத்த உருப்படியோ பாதிகூட இல்லை. கை பிரஸ் பக்கம் போக மறுத்தது. பக்கத்துப் பிரஸ்காரர்களுக்கும் ஒரு மாதம் கை கூசியது.

விபத்துக்கு முன்பே அந்தப் பிரஸ்தான் எங்களிடம் எண்ணிக்கை குறைந்தது. நெம்புவதிலேயே நேரம் போய்விடும். பிறகு டையைச் சாணை பிடித்து, தள்ளுவதற்கு ஸ்பிரிங்கும் காற்று ஊதும் குழாயும் வைத்தோம். கையை உள்ளே விடும் வேலையே ஒழிந்தது. மணிக்கு 380 எடுத்தவர்கள் 450 எடுத்தார்கள். விரலை வாங்கியதும் எண்ணிக்கையைக் குறைத்ததும் ஒரே மழுங்கல்தான். நிதானமாக ஓட்டினாலும் ஒட்டுகிற டை ஒட்டத்தான் செய்யும்.

மானேசரில் கட்டுத்துணியும் பஞ்சும் வாங்கிய பில்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஈட்டுத்தொகைக் கோப்புகள் பார்த்தவள்:

டை செட்டர் ஐயா சொன்னதை நாடுகள் அளவிலும் காணலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உயிர்ச்சேதமில்லாத விபத்துகள் மிகக் குறைவாகப் பதிவாவது ருமேனியாவிலும் பல்கேரியாவிலும். பிரான்ஸில் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் வேலையில் இறப்பவர்களின் விகிதத்தைப் பாருங்கள்: அந்த இரண்டு நாடுகளும் ஒன்றியத்தின் சராசரிக்கு மேலே நிற்கின்றன. ஒரு மணி நேர உழைப்பில் விளையும் மதிப்போ இந்த மூன்று நாடுகளில் பிரான்ஸில்தான் மிக அதிகம். விரல் கீறலை எழுதாமல் விடலாம், பிணத்தை மறைப்பது கடினம்.

மானேசர், ஃபரிதாபாத் பகுதிகளில் அடிபட்ட தொழிலாளர்களுக்கு உதவிவரும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு ஆண்டுதோறும் எழுதும் ஒரு செய்தி: பலருக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டு அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வருகிறது. பெரிய காயத்துக்கே இந்த நிலை என்றால் சிறிய காயங்களை யார் எழுதுவார்கள்? ஒப்பந்த ஆட்களின் காயம் உங்கள் பதிவேட்டில் சேர்கிறதா என்றும் கேளுங்கள். ஒப்பிடுவதானால் பத்து லட்சம் வேலை மணிக்கு எத்தனை காயம் என்று கணக்கிடுங்கள். வெறும் எண்ணிக்கை உதவாது.

திட்டப்பிரிவு, ஓசூர்:

இருவருக்கும் நன்றி. பில்கள் வந்தன. மானேசரில் ஓசூரைவிட ஆட்கள் குறைவு, கட்டுத்துணி மட்டும் இரண்டு மடங்கு. ஒப்பந்த ஆட்களின் காயம் பதிவேட்டில் இல்லை. அவர்கள் எடுத்த உருப்படியும் வேலை மணியும் மட்டும் கணக்கில் இருக்கின்றன. அங்குள்ள டை செட்டரிடமும் பேசினேன். மூன்றாம் எண் பிரஸ் சில சமயம் இரண்டு முறை இறங்குகிறதாம். கிளட்ச் சாவி கேட்டு மூன்று கடிதம் போட்டிருக்கிறார். இதையெல்லாம் பதிலில் எப்படிக் கோத்து எழுதுவது என்று யோசிக்கிறேன்.

பழைய டை செட்டர்:

தம்பி, பதிலைப் பிறகு எழுதலாம். இப்போதே தொலைபேசியில் கூப்பிட்டு அந்த மூன்றாம் எண்ணை நிறுத்தச் சொல்லுங்கள்.