மூச்சு விடுற சிப்பு நெசமா? மருந்தடிக்கிறவங்களுக்கு இதுல ஏதாவது உண்டா?

மன்னார்குடி மைனர்:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி ப்ளஸ் டூ படிக்குது, அமெரிக்காவுல ஹார்வர்டுல வீஸ் இன்ஸ்டிடியூட்னு ஒண்ணு இருக்காம், அங்க மனுச நுரையீரலை சிப்புல வளத்து அது மூச்சு வேற விடுதுன்னு ஒரு வீடியோவ காட்டி நானும் பயோஇன்ஜினியரிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. அது நெசமா, இல்ல யூட்யூப் பில்டப்பா? எங்கப்பா குறுவைக்கு மருந்தடிச்சிட்டு வந்தா ராத்திரி பூரா இருமல், அறுப்புல நெல்லு சுணை வேற. நாம அடிக்கிற பூச்சிமருந்து நெஞ்சுக்குள்ள என்ன பண்ணுதுன்னு அதுல பாக்க முடியுமாண்ணே?

லேப்காரன் திருச்சி:
நெசந்தான் தம்பி, ஆனா முழு நுரையீரல்னு நெனச்சுக்காத. பென்டிரைவ் சைஸ்ல ஒரு சிலிக்கோன் ரப்பர் துண்டு, உள்ள ரெண்டு மெல்லிசு பாதை, நடுவுல ஓட்ட ஓட்டயா ஒரு சவ்வு. ஒரு பக்கம் நுரையீரல் செல், அங்க காத்து. மறுபக்கம் ரத்தக்குழாய் செல், அங்க திரவம் ஓடும். ஓரத்துல வேக்குவம் வச்சு விட்டு விட்டு இழுத்தா சவ்வு விரிஞ்சு சுருங்கும், அதத்தான் மூச்சுங்குறாங்க. 2010ல அந்த வீஸ்ல இருந்த டான் ஹூ, டொனால்ட் இங்பர் டீம் சயின்ஸ் பத்திரிகையில போட்டது. எனக்கு அதவிட 2012ல பண்ணதுதான் புடிச்சது. ஐஎல்-2ன்னு ஒரு கேன்சர் மருந்து, சில பேருக்கு நுரையீரல்ல நீர் கோத்துக்கும், அத சிப்புல குடுத்தப்ப அங்கயும் காத்துப் பக்கம் நீர் கசிஞ்சுது, அதுலயும் மூச்சு அசைவு ஓடிட்டிருந்தா கசிவு ஜாஸ்தி! சும்மா தட்டுல செல் வளத்தா இது தெரியவே தெரியாது. 2016ல சிகரெட்ட தானா இழுக்குற மெஷின் செஞ்சு அந்தப் புகைய மூச்சுக்குழாய் செல் வளத்த சிப்புக்குள்ள விட்டாங்க, சிஓபிடிங்குற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவங்க செல்லயும் வச்சுப் பாத்தாங்க. அப்ப பூச்சிமருந்து ஆவியையும் விடலாம்தானே.

வலங்கைமான் வாத்தி:
விடலாம், ரிசல்ட்ட நம்பலாமாங்குறதுதான் கேள்வி. அந்த ரப்பர் எண்ணெய்ப்பசை உள்ள சின்ன மூலக்கூறையெல்லாம் தானே உறிஞ்சிக்கும், பூச்சிமருந்துல பாதி அந்த ஜாதிதான், அதனால நாம விட்ட அளவு ஒண்ணு செல்லுக்குப் போய்ச் சேர்ற அளவு ஒண்ணு. அதோட சிப்பு மிஞ்சிப்போனா சில வாரம் உயிரோட இருக்கும், உங்கப்பா வருசக்கணக்கா அடிக்கிறாரு. சிப்பு கெடக்கட்டும் தம்பி, மொதல்ல அவர நெஞ்சு டாக்டர்ட்ட காட்டு, எதிர்காத்துல நின்னு அடிக்க வேணாம்னு சொல்லு, மூஞ்சியில துண்டு கட்டுனா மட்டும் ஆவி நிக்காது.

நாகை பார்மா:
வாத்தி சொல்றது சரி, ஆனா மருந்து கம்பெனிக்கு இது வேலைக்காகுது. வீஸ்லேந்து பிரிஞ்ச எமுலேட் கம்பெனி 2022ல 870 ஈரல் சிப்புல 27 மருந்த டெஸ்ட் பண்ணுச்சு, ஈரலைக் கெடுக்குற மருந்துல 87 சதவீதம் புடிபட்டுது, நல்ல மருந்து ஒண்ணையும் தப்பு சொல்லல. அவங்க சரக்க அவங்களே சோதிச்சதுங்குறதையும் மனசுல வச்சுக்கணும். அதே டிசம்பர்ல அமெரிக்காவுல, புது மருந்துக்கு மிருகத்துலதான் சோதிச்சாகணுங்குற கட்டாயத்த எடுத்துட்டாங்க, நம்மூர்லயும் 2023 மார்ச்ல ரூல மாத்தி இந்த மாதிரி சிப்பு டேட்டாவுக்கு எடம் குடுத்தாச்சு. கூத்து என்னன்னா 2025 ஏப்ரல்ல ஹார்வர்டுக்குக் குடுக்குற பணத்த அமெரிக்க அரசாங்கம் நிறுத்துனப்ப இங்பரோட சிப்பு வேலைக்கே ஸ்டாப் ஆர்டர் வந்துச்சு.

மன்னார்குடி மைனர்:
ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். அப்பாவ திங்கக்கெழம கூட்டிட்டுப் போறேன். தங்கச்சிய மெட்ராஸ் அனுப்ப வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, பக்கத்துல இந்தப் படிப்பு இருக்கா?

லேப்காரன் திருச்சி:
தஞ்சாவூர் பக்கம் திருமலைசமுத்திரம் சாஸ்த்ரா யுனிவர்சிட்டியில பிடெக் பயோஇன்ஜினியரிங் இருக்கு, கவுன்சிலிங்குக்கு முன்னாடியே அப்ளிகேஷன் தேதி பாத்துக்க. தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டுல நிஃப்டம்னு உணவுத் தொழில்நுட்ப இன்ஸ்டிடியூட் இருக்குல்ல, அங்க சாப்பாடு எப்படி செரிக்குதுன்னு பாக்க செயற்கை வயிறு, சிறுகுடல் செட்டப்பே செஞ்சிருக்காங்க, ஆனா அது ஃபுட் டெக்னாலஜி பக்கம். மேத்ஸ விட்ற வேணாம்னு மட்டும் தங்கச்சிட்ட சொல்லு, இதுல பயாலஜி அளவுக்கு திரவம் ஓடுற கணக்கும் வரும்.

வலங்கைமான் வாத்தி:
பீஸ் எவ்வளவுன்னும் கேட்டுக்கப்பா.