வெயில் பட்டால் மருந்தை விடும் நானோ குப்பி கத்தரிக்கு ஆகுமா?

கெடிலக்கரை:
நெல்லிக்குப்பம் பக்கம், பாலூர் 1 கத்தரி, நட்டு 45 நாள். குருத்து வாடித் தொங்குது. வேப்ப மருந்து 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு சத்து), லிட்டருக்கு 5 மில்லி, காலை 9 மணிக்கு அடித்தும் மூன்றாம் நாளே புதுக் குருத்து வாடுது. வெயில் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் நானோ குப்பி என்று ஒருத்தர் விற்கிறார். அது எப்படி வேலை செய்யும்? வாங்கலாமா?

ஒளிவேதி:
ஆய்வகத்தில் நடப்பது நிஜம். பொந்துள்ள சிலிக்கா துகளுக்குள் மருந்து, பொந்தின் வாயில் அசோபென்சீன் என்ற, வெளிச்சத்தில் வடிவம் மாறும் மூலக்கூறு. 365 நானோமீட்டர் புற ஊதா பட்டால் அது மடங்கும், கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சத்தில் நிமிரும். வெயிலில் ரெண்டும் உண்டு. அதனால் மடங்கி நிமிர்ந்து, கரண்டி போட்டுத் துழாவுவது போல மருந்தை வெளியே தள்ளும். நைட்ரோபென்சைல் பூட்டு வேறு ரகம்: வெளிச்சத்தில் ஒருமுறை அறுந்தால் முடிந்தது. அறுந்த துண்டு நைட்ரோசோ சேர்மம், அதன் நச்சையும் தனியே பார்க்கணும். வாரா வாரம் காய் பறிக்கும் பயிரில் எனக்கு அது ஒப்பவில்லை.

வேம்புக்குக் கணக்கே தலைகீழ். வேப்ப மருந்தின் சத்தான அசாடிராக்டினைச் சிதைப்பதே புற ஊதாதான். வெயிலில் திறந்து வெயிலிலேயே வீணாவதற்குக் குப்பி எதற்கு? அதற்கு வேண்டியது மறைக்கும் உறை, திறக்கும் உறை இல்லை.

விற்பவரிடம் லேபிளைக் கேளுங்க. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இல்லாவிட்டால் தொடவேண்டாம்.

மேட்டுக்கொல்லை:
அண்ணே, பூச்சி இருக்கும் இடத்தைப் பாருங்க. உங்க குருத்தைத் துளைக்கும் புழுவின் தாய் அந்துப்பூச்சி ராத்திரியில், பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் முட்டை போடும். பொரிந்த புழு சில மணி நேரத்தில் குருத்துக்குள் போய்விடும். குப்பி திறப்பதோ உச்சி வெயிலில், இலையின் மேல்பக்கம். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது.

காலை 9 மணித் தெளிப்பை நிறுத்துங்க. சாயங்காலம் 4 மணிக்கு மேல், நாசிலை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடியில் படும்படி அடிங்க. வாடின குருத்தைத் துளைக்குக் கீழே வெட்டி எரிச்சுடணும், உள்ளே போன புழுவுக்கு வேம்பு எட்டாது. ஆண் அந்தை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5.

கெடிலக்கரை:
நன்றிங்க. போர் தண்ணியில் பார் சோப்பு சேர்த்தால் தயிர் மாதிரி திரிஞ்சு நாசில் அடைக்குது. மருந்து கெட்டுப்போச்சா?

மேட்டுக்கொல்லை:
திரிவது சோப்பு, மருந்து இல்லை. உப்புத் தண்ணியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்பைப் பிடிச்சுக்கும், இலையில் ஒட்ட ஒண்ணும் மிஞ்சாது. இந்தத் தண்ணியில் திரியாத, அயனி இல்லாத (நான்-அயானிக்) ஒட்டும் திரவம் வாங்கி, டப்பாவில் போட்ட அளவுக்கு ஊத்துங்க.

ஒளிவேதி:
கூடவே தண்ணியின் காரத்தன்மையையும் பாருங்க. பிஎச் தாளில் 7-க்கு மேல் காட்டினால் முதலில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 6-க்குக் கொண்டுவந்து, அப்புறம் மருந்து. காரத்தில் அசாடிராக்டின் டேங்கிலேயே சிதையும். கலக்கினதை மறுநாளைக்கு வைக்காதீங்க.

யாராவது நானோ சரக்கைச் சோதிப்பதாக இருந்தால் ஒரு தட்டை வெயிலில், இன்னொன்றை அலுமினியத் தாள் சுற்றி அதே வெயிலிலேயே வைங்க. தாள் சுற்றியதை நிழலில் வைத்தால், சூட்டில் கசிந்ததையும் வெளிச்சக் கணக்கில் எழுதிவிடுவீங்க.