பொங்கல் சட்டையில் ஜியா சூரியனைப் போடலாமா?

கேள்வி: புதுவரவு

வணக்கம். நியூ மெக்சிகோவுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அல்புகர்க்கியில் எங்கள் தமிழ்க் குழுவின் பொங்கல் விழாவுக்கு டி-சர்ட் அடிக்கிறோம். பானை, இரண்டு பக்கமும் கரும்பு, மேலே சூரியன். அந்தச் சூரியனுக்குப் பதிலாக மாநிலக் கொடியில் இருக்கும் ஜியா சூரியனை வைத்து வரைந்து பார்த்தோம். அருமையாகப் பொருந்தியது. அலுவலகத்தில் காட்டினேன்; இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு முகம் மாறிவிட்டது. "வருகிறவர்கள் எல்லாரும் முதலில் எங்கள் சூரியனைத்தான் எடுத்துக்கொள்கிறீர்கள்" என்றார். மாநிலக் கொடி எல்லாருக்கும் பொதுதானே? சட்டை விற்ற பணத்தை உணவு வங்கிக்குக் கொடுப்பதாகத்தான் எண்ணம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மெசா வாசி

தாராளமாகப் போடுங்கள். கார் நம்பர் பிளேட்டிலேயே இருக்கிறது. காபிக் கோப்பை, தொப்பி, கையில் குத்திய பச்சை என்று எங்கே திரும்பினாலும் அதே சூரியன்தான். இங்கே வேலை செய்கிறோம், வரி கட்டுகிறோம். யார் முதலில் வந்தார்கள் என்று கணக்குப் பார்த்தால் அதற்கு முடிவே இல்லை.

பதில்: சாண்டியா நிழல்

யாரும் வழக்குப் போட மாட்டார்கள், அது சரி. ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்ற கணக்கை இந்தச் சூரியன் விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும். நான் இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கொடியை மாநிலம் ஏற்றது 1925-ல். வடிவமைத்தவர் சாண்டா ஃபேயில் இருந்த ஹாரி மேரா, மருத்துவர், தொல்லியலிலும் ஈடுபாடு உள்ளவர். சூரியனை அவர் எடுத்தது ஜியா மக்களின் பழைய பானை ஒன்றிலிருந்து. ஜியா என்பது இங்குள்ள புவெப்லோ என்ற பூர்வகுடி மக்களில் ஒரு பிரிவு. நடுவில் வட்டம், நாலு பக்கமும் நந்நான்கு கதிர்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் நடு இரண்டும் நீளம். நான்கு அவர்களுக்குப் புனிதமான எண்: திசை, பருவம், ஒரு நாளின் பொழுதுகள், வாழ்வின் பருவங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். கொடியில் வைக்கலாமா என்று ஜியாவில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் அவர்களை யாரும் வைத்திருக்கவில்லை. கொடி ஏறிய அந்த ஆண்டில் இந்த மாநிலத்தின் புவெப்லோ மக்களுக்கு ஓட்டே கிடையாது. 1948-ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் கிடைத்தது.

உங்கள் அலுவலக நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது. பள்ளியில் தினமும் கொடிக்கு வணக்கம் சொல்லி, "ஒன்றுபட்ட பண்பாடுகளின் முழுமையான நட்பின் சின்னம்" என்று ஒப்பித்து வளர்ந்தவருக்கு அது உடம்போடு ஒட்டிய விஷயம். ஆனால் நீங்கள் அனுமதி கேட்க வேண்டிய ஆள் அவர் இல்லை. அவருடைய தாத்தாவும் கேட்காமல் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவராக இருக்கலாம்.

ஜியா மக்கள் சும்மா இருக்கவில்லை. 1990-களில் இழப்பீடு கேட்டு மாநில அரசிடம் போனார்கள். சுற்றுலா நிறுவனம் ஒன்று அந்தச் சூரியனை வணிகக் குறியாகப் பதிவு செய்யப் போனபோது எதிர்த்தார்கள், நிறுவனம் பின்வாங்கியது. 2000-ல் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் ஒரு விமானத்துக்கு இந்தக் கொடியின் வண்ணம் பூசியபோது முதலில் அவர்களிடம் கேட்டது, அவர்களுடைய கல்வி உதவி நிதிக்குப் பணமும் கொடுத்தது. விமான நிறுவனம் கேட்கிறது, பொங்கல் குழு கேட்கக் கூடாதா?

ஜியா நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வரைந்த படம், எத்தனை சட்டை, பணம் எங்கே போகிறது எல்லாம் வையுங்கள். அதில் ஒரு பங்கு அந்த நிதிக்கு என்று நீங்களே சொல்லுங்கள். இன்னொன்று, நம் காலண்டர் சூரியனுக்குக் கண்ணும் மீசையும் வைப்பதுபோல இதற்கு வைக்காதீர்கள். உருவத்தை மாற்றாமல் விடுங்கள். ஆகஸ்ட் 15 அவர்கள் ஊர்த் திருவிழா, வெளியாரும் போகலாம். படம் எடுக்கக் கூடாது. நான் போன அன்று போனைக் காரிலேயே வைத்துவிட்டு, சுட்டெரிக்கும் வெயிலில் மக்காச்சோள நடனம் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களோடு வரிசையில் நின்று ஆடினார்கள், தாளம் தப்பவில்லை. குழுவாக ஒருமுறை போய்வாருங்கள்.

பதில்: மெசா வாசி

அப்படியென்றால் விழா மேடையில் மாநிலக் கொடியும் ஏற்றக் கூடாதா?

பதில்: சாண்டியா நிழல்

ஏற்றலாம், ஏற்றவும் வேண்டும். அது நாம் வாழும் மாநிலத்துக்குக் காட்டும் மரியாதை. கொடியிலிருந்து சூரியனை மட்டும் பிரித்து நம் பானைக்கு மேல் வைத்து விற்பது வேறு. அங்கே அது கொடி இல்லை, ஜியாவின் சூரியன்.

பதில்: புதுவரவு

ரொம்ப நன்றி. 1948 விவரம் எங்களில் யாருக்கும் தெரியாது. குழுவில் பேசினோம். அச்சகத்துக்கு இந்த வாரமே படம் கொடுக்க வேண்டும், அதற்குள் பதில் வர வாய்ப்பில்லை. அதனால் இந்தப் பொங்கலுக்கு எங்கள் பிள்ளைகள் கையால் வரையும் சூரியன்தான். கடிதத்தை அடுத்த ஆண்டுச் சட்டைக்காக இப்போதே அனுப்புகிறோம். சாண்டியா நிழல், அனுப்பும் முன் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்க்க முடியுமா?

பதில்: சாண்டியா நிழல்

கட்டாயம். தனிச்செய்தியில் அனுப்புங்கள்.